மந்தமான டிவி ஒன்று வேண்டும்

டிவி கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருக்கிற காசுக்கு நல்லதாகப் பார்த்து வாங்கத்தான் போவார்கள். அந்தச் சனிக்கிழமை காலை கிரேன் ஓட்டும் ஊசி போனது வேறு விஷயமாக. கடையில் இருப்பதிலேயே மந்தமான டிவி எது என்று பார்த்து, அதைத் தன் தலையில் கட்டிக்கொண்டு வர வேண்டும். மனைவிக்கு இது தெரியாது. மகளுக்குத் தெரியாது. கூடவே வந்த மச்சானுக்குத் தெரியவே கூடாது.

ஊசி என்பது துறைமுக யார்டில் வைத்த பேர். மூன்றாம் நம்பர் கிரேன் அவனுடையது, பதினாறு வருஷமாக. பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கால்களுக்குக் கீழேயும் கண்ணாடி, இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக். முப்பது டன் கன்டெய்னர் பெட்டியைத் தூக்கிக் கொண்டுவந்து, கீழே நிற்கும் லாரியின் நாலு மூலைக் குமிழிலும் பெட்டியின் நாலு துளையும் ஒரே தடவையில் உட்காரும்படி இறக்குவான். ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி இறக்குகிறானே என்று யாரோ சொல்லப்போய், சொந்தப் பேர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. அந்தப் பேரில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக் கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பான், மனைவி விடவில்லை.

ஆறு மாதமாக வலது கை சரியில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. சொன்னதைச் செய்வதற்கு முன்னால் ஒரு கணம் யோசிக்கிறது, அவ்வளவுதான். நிறுத்து என்று அவன் நினைப்பான், கட்டைவிரல் நிறுத்தும், ஆனால் உடனே அல்ல. அந்த இடைவெளியில் முப்பது டன் பெட்டி ஒரு முழம் கூடுதலாக இறங்கிவிடும். இரண்டு முறை லாரி மேல் தடாலென்று உட்கார்ந்து, ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடினார். ஒரு முறை காற்று என்றான். இன்னொரு முறை பிரேக்கைப் பார்க்கச் சொன்னான். டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதுவார், எழுதினால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், இறங்கினால் அவன் ஊசி இல்லை. அவனுக்குத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

சரி, யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்றால் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன். அதே யார்டில் பாதுகாப்பு அதிகாரி. மஞ்சள் ஹெல்மெட்டும் விசிலுமாக நாள் முழுக்கக் கிரேன்களுக்குக் கீழே நடப்பவர். கிரேன் ஓட்டுகிறவர்களின் உடல் தகுதித் தாளில் வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்கு வந்து, ஹாலில் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு கார் ரேஸ் விளையாடுவார். எட்டு வருஷமாக வாராவாரம் தோற்று, வாராவாரம் வந்தவர். அப்படிப்பட்ட மனுஷன் ஆறு மாதமாக ஜெயிக்க ஆரம்பித்தார். முதல் மாதம் குதித்தார். மூன்றாம் மாதம் சந்தேகப்பட்டார்.

"என்ன மாப்ள, எனக்காக விட்டுக் கொடுக்கிறீங்களா?"

"டிவிய மாத்தணும் மச்சான். பழசாயிடுச்சு. நான் பட்டனை அமுக்குறேன், காரு ஆற அமர யோசிச்சிட்டுத் திரும்புது."

"எனக்கும் அதே டிவிதானே?"

ஊசி இதற்குத் தயாராக இருந்தான். "கரெக்டா அமுக்குறவனுக்குத்தான் லேட் தெரியும் மச்சான். நீங்க எப்பவுமே லேட்டு. உங்களுக்கு அது டிவியா நீங்களான்னே தெரியாது."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். நம்பினார். எட்டு வருஷம் தோற்றவருக்கு அந்த விளக்கம் நியாயமாகவே பட்டது. ஆனாலும் உத்தியோகபுத்தி போகுமா? சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார்.

"அப்போ டிவிய மாத்துங்க. மாத்தியும் தோத்தீங்கன்னா உங்களை மெடிக்கலுக்கு அனுப்பிடுவேன், பார்த்துக்கோங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஊசிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மனைவியோ அதைப் பிடித்துக்கொண்டாள். படம் பார்க்கவும் பெரிதாக ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. மகளுக்குப் பதிமூன்று வயது. கேம் என்றால் சாப்பாடு வேண்டாம். வீடே ஒரே கட்சியாகி, போவோம் போவோம் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

ஊசியும் சும்மா இருக்கவில்லை. கூண்டுக்குள் லாரிக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் டிவி விமர்சனங்கள் படித்தான். எல்லாரும் ஐந்து நட்சத்திரத்தைத் தேடுவார்கள். இவன் ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டியவர்களைத் தேடினான். நாலாம் நாள் அகப்பட்டது. எழுபத்தைந்து இன்ச், பார்வைக்கு வாட்டசாட்டம். அதை வாங்கிய ஒருவன் எழுதியிருந்தான்: 'படம் பார்க்கலாம். இதில் கேம் விளையாடுவது கையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்கிற மாதிரி.' படித்ததும் ஊசிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த டிவி வீட்டில் இருக்கும்வரை தன் கையைப் பற்றி ஒருவரும் பேச முடியாது என்று நிம்மதியாக அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

கடையில் முதல் மாடி முழுக்க டிவி. ஒரு சுவர் நெடுக முப்பது டிவிகள். எல்லாவற்றுக்கும் ஒரே கேம் பெட்டியிலிருந்து ஒயர் பிரித்துக் கொடுத்திருந்ததால் முப்பதிலும் ஒரே கார் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இரண்டு சோபா. கடையின் சிவப்புச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். அட்டையில் பேருக்குக் கீழே 'பயிற்சி' என்று போட்டிருந்தது.

"வாங்க சார். எதுக்குப் பார்க்கிறீங்க? படமா, கேமா?"

"கேம்!" என்றாள் மகள்.

"படம்," என்றான் ஊசி. "முக்கியமா படம். கேம் சும்மா ஞாயித்துக்கிழமை மட்டும்."

"அந்த ஞாயித்துக்கிழமைக்காகத்தானே எல்லாரும் கிளம்பி வந்திருக்கோம்," என்றார் மச்சான். "இவர் பட்டன் அமுக்கினா உடனே கேக்கிற டிவியா காட்டும்மா. எங்க மாப்ள கை அப்படிப்பட்ட கை."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. டிவி விற்பவர்களில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலோர் விலையைப் பார்த்து விற்பார்கள். இவள் டிவியைப் பார்த்து விற்கிறவள். நேராகச் சுவரின் நடுவில் இருந்த ஒன்றிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இதுதான் சார். இங்க இருக்கிறதுலயே வேகம் இதுதான். கறுப்பைப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

ஊசி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். "கறுப்பு ரொம்பக் கறுப்பா இருக்கே."

"அதுதான் சார் இதோட அழகே."

"கண்ணு வலிக்கும்."

"வெளிச்சத்தைக் குறைச்சுக்கலாம் சார்."

"சின்னதா இருக்கு."

"அறுபத்தஞ்சு இன்ச் சார்."

மகள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். ஊசி அதைக் கண்டுகொள்ளாமல், கால் போன போக்கில் போகிறவன் போல மெல்ல நடந்து, ஓரத்தில் மாட்டியிருந்த எழுபத்தைந்து இன்ச்சுக்கு முன்னால் போய் நின்றான். அதன் தலையில் சிவப்பு எழுத்தில் தள்ளுபடி அட்டை தொங்கியது. பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் அவனுக்கு.

"இது பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு. இதையே எடுத்துடலாம்."

அந்தப் பெண் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார், இதைத்தான் முதல்ல வித்துத் தள்ளுங்கன்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ஆனா இது கேமுக்கு ஆகாது. நீங்க அமுக்கினதுக்கும் அது காட்டுறதுக்கும் இடைவெளி அதிகம். வாங்கிட்டு ஒரு வாரத்துல என்னைத் திட்டுவீங்க."

"அதெல்லாம் எவ்வளவு பெரிய இடைவெளி? கண்ணுக்கே தெரியாது."

"தெரியும் சார். காட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல ஊசி வாயெடுத்தான். மச்சான் முந்திக்கொண்டு, "காட்டும்மா" என்றார்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கடை திறந்ததும், மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில், தன் கை வேகத்தை அளந்து வைத்துக்கொள்வாள். கேம் பெட்டியில் அதற்கு ஒரு சின்ன விளையாட்டு: திரை கறுப்பாக இருக்கும், திடீரென்று வெள்ளையாகும், வெள்ளையைப் பார்த்தவுடன் பட்டனை அமுக்க வேண்டும். எத்தனை மில்லி செகண்டில் அமுக்கினோம் என்று பெரிய எழுத்தில் நம்பர் வரும். தன் கை தெரிந்துவிட்டால், நம்பரில் கை போக மீதி டிவியுடையது. கடையில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மூன்று மாதத்தில் தானாகவே யோசித்துப் பிடித்த வழி.

வேகமான டிவியைப் பார்த்து அமுக்கினாள். 230. மந்தமான டிவியைப் பார்த்து அமுக்கினாள். 340.

"கை ஒரே கை. அப்போ நடுவுல இருக்கிற நூத்திப் பத்தும் இந்த டிவியோடது."

"அடேங்கப்பா," என்றார் மச்சான். அவருக்கு அளப்பது, எழுதுவது, சோதிப்பது என்றாலே தனிச் சுகம். "குடும்மா, நான் பார்க்கிறேன்."

வேகமான டிவியில் மச்சானுக்கு 260 வந்தது. மனைவி கன்ட்ரோலரைப் பாத்திரம் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அமுக்கினாள். 310. மகள் 215 அடித்துவிட்டுக் கடையே தன்னுடையது போலப் பார்த்தாள். ஒவ்வொரு நம்பரும் முப்பது டிவியிலும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அதை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றது.

"இப்போ பாருங்கம்மா," என்று மச்சான் அந்தக் குடும்பத்திடமே சொன்னார். "இவரு கிரேன் ஓட்டுறவரு. யார்டுல இவர் பேரே ஊசி. நூத்தி அம்பதுக்குக் கீழ வரும் பாருங்க. மாப்ள, போடுங்க."

கன்ட்ரோலர் கைக்கு வந்துவிட்டது. திரை கறுப்பானது. ஊசி யோசித்தான்: வெள்ளை வரும்வரை காத்திருந்தால் மாட்டிக்கொள்வோம், வருமென்று குத்துமதிப்பாக அமுக்கிவிட்டால்? அமுக்கினான். முப்பது டிவியும் சிவப்பாகின. 'அவசரப்பட்டுவிட்டீர்கள்' என்று வந்தது. கூட்டம் சிரித்தது. மச்சானும் சிரித்தார்.

"கைக்கு அவ்வளவு வேகம். நிதானமா மாப்ள."

இரண்டாம் தடவையும் சிவப்பு. மூன்றாம் தடவை ஏமாற்ற அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளை வந்ததைப் பார்த்தான். அமுக்கு என்று நினைத்தான். நினைத்ததையும் அமுக்கியதையும் தனித்தனியாக உணர்ந்தான்.

450.

முப்பது டிவியிலும் அந்த நம்பர் நின்றது. சின்ன டிவியில் சின்னதாக, பெரிய டிவியில் ஆள் உயரத்துக்கு. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் மந்த டிவியைப் பார்த்து அமுக்கிட்டேன்," என்றான்.

"பரவாயில்ல சார், அதையும் பார்த்துடுவோம்," என்றாள் அந்தப் பெண். அவளுக்குத் தன் முறைமீது அவ்வளவு நம்பிக்கை. ஊசி மந்தமான டிவியைப் பார்த்து அமுக்கினான். 560. அவள் உதடு அசையாமல் கழித்துப் பார்த்தாள். அதே நூற்றிப்பத்து. அவள் முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது.

மனைவியும் மகளும் சோபாவில் உட்கார்ந்து சத்தம் எப்படி என்று பார்க்கப் போனபோது மச்சானும் கூடப் போனார். ஆனால் போகிற வழியில் இரண்டு முறை திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

அந்த இடைவெளியில்தான் கடைப் பெண் அருகே வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. டிவில ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு டாக்டர்கிட்ட கையைக் காட்டிடுங்க. சீக்கிரமா."

அவள் முகத்தில் கேலி இல்லை. உண்மையான கவலை இருந்தது. ஊசிக்கும் அது தெரிந்தது. ஆறு மாதத்தில் அந்தக் கையைப் பற்றி அவனோடு நேராகப் பேசிய முதல் ஆள் அவள்தான். ஒரு கணம், சரிம்மா என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போது மச்சான் சோபாவிலிருந்து எழுந்து இந்தப் பக்கமாக வருவது கண்ணில் பட்டது. அவர் முகம் வீட்டு முகமாக இல்லை, யார்டு முகமாக இருந்தது.

ஊசி தொண்டை கிழியக் கத்தினான்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!"

கடை திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் திகைத்து நின்றாள்.

"என்னாச்சு மாப்ள?"

"கேளுங்க மச்சான். கை விளங்காதவனுக்கு எதுக்கு டிவின்னு கேக்கிறா. என்னைப் பார்த்து! கெட்டுப்போன கன்ட்ரோலரை என் கையில கொடுத்துட்டு, நம்பரைப் பெருசாக் காட்டி, விலை ஜாஸ்தி டிவிய தலையில கட்டப் பார்க்கிறா. வேண்டாம்னதும் வாய்க்கு வந்ததைப் பேசுறா."

"ஐயோ சார், நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

மச்சான் முகத்திலிருந்த யார்டு கலைந்தது. இங்கேதான் அந்த மனுஷனைச் சொல்ல வேண்டும். சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தவர், தங்கை புருஷனை ஒருத்தி அவமானப்படுத்திவிட்டாள் என்று கேட்டதும், சந்தேகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொதித்தார். "பதினாறு வருஷம் கிரேன் ஓட்டுற கைம்மா அது! யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறே? கூப்பிடு உன் மேனேஜரை!" சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். கழுத்துப்பட்டை சரிந்திருந்தது. என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். பிறகு அந்தப் பெண்ணிடம், "என்ன சொன்னே?" என்றார்.

பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ஒன்றுமே சொல்லவில்லை என்று சாதித்திருக்கலாம். கெட்டிக்காரிக்கு அந்தச் சாமர்த்தியம் மட்டும் இல்லை.

"கையை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னுதான் சார் சொன்னேன். அவருக்கு நம்பர் அவ்வளவு..."

"பாருங்க, ஒத்துக்கிட்டா!" என்றான் ஊசி. "டிவி வாங்க வந்தவனை டாக்டர்கிட்ட போகச் சொல்றா. இதுதான் உங்க கடையா? இன்னொண்ணு கேளுங்க. அந்தப் பெரிய டிவிய நான் எடுக்கிறேன்னேன். வாங்காதீங்க, அது குப்பை, நாங்க வித்துத் தள்ளப் பார்க்கிறோம்னு இவளே சொன்னா. சொன்னியா இல்லையா?"

குப்பை என்று அவள் சொல்லவில்லை. மீதியைச் சொல்லியிருந்தாள். அவள் ஊசியைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, திட்டவில்லை, ஏன் என்று புரியாமல் பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தபோது ஊசி தள்ளுபடி அட்டையைப் படிக்க ஆரம்பித்தான்.

மேனேஜர் கையை நீட்டினார். அவள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். "கணக்கு ஆபீஸ்ல பார்த்துக்கோ. இனிமே வர வேண்டாம்," என்றார் அவர். அவள் சிவப்புச் சட்டையோடு படிகளில் இறங்கிப் போனாள். மனைவி மட்டும் சோபாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாவம், சின்னப் பொண்ணு," என்றாள். "வாய் கொழுப்பு," என்றான் ஊசி. சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் குமட்டியது. ஆனால் கிரேன் தப்பியது. குமட்டல் பெரிய விலையாகத் தெரியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் அவன் ஜெயித்த கதையாகியிருக்கும். மேனேஜர் விடவில்லை. போன்கள் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் ஊசியின் கையை, அந்த வலது கையையே, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க மனசு நோக இங்கிருந்து போகக் கூடாது. அந்தப் பெரிய டிவி விலையைக் கொடுங்க போதும். நடுவுல இருக்கிற இந்த அறுபத்தஞ்சை உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். கடையிலேயே உசத்தி இதுதான். கேமுக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல."

"வேண்டாங்க," என்றான் ஊசி. "பெருசே போதும்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்."

"இல்லைங்க, எனக்குப் பெருசுதான் பிடிச்சிருக்கு."

"அப்பா!" என்று மகள் அலறினாள். "ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா?" என்றாள் மனைவி. மச்சான் தோளில் தட்டினார். "ரோஷப்படாதீங்க மாப்ள. அவமானப்படுத்தினாங்க, அதுக்கு ஈடு கொடுக்கிறாங்க, வாங்கிக்கணும். ஏன் வேண்டாங்கிறீங்க?"

உண்மையைச் சொல்லாமல் மறுக்க வழியில்லாமல் ஊசி தலையாட்டினான். கடை முழுக்கக் கை தட்டியது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஊசி கும்பிட்டுவிட்டு, கடையிலேயே வேகமான டிவிக்குக் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். மச்சான் வருவதற்கு முன்னால் ஊசி ரிமோட்டோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்தான். கேமுக்கான அமைப்பை அணைத்தான். சினிமா அமைப்பைப் போட்டான். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று டிவியை யோசிக்க வைக்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஏற்றினான். ஒரு நட்சத்திரக்காரர்களிடம் கற்ற பாடம். இப்போது இதுவும் மந்தம்தான் என்று தெம்பானான்.

மச்சான் வந்தார். மகள் கேம் பெட்டியைப் போட்டாள். திரையின் மூலையில் ஒரு சின்னச் சட்டம் தானாக வந்து நின்றது: 'கேம் கண்டறியப்பட்டது. வேகமான அமைப்புக்கு மாற்றப்பட்டது.'

"சூப்பர்ல மாமா? அதுவே மாத்திக்குது," என்றாள் மகள்.

முதல் ரேஸில் ஊசி தோற்றான். "புது டிவி, பழகணும்," என்றான். மச்சான், "ஆமாமா," என்றார். இரண்டாவதில் மச்சான் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்து டம்ளரை வைத்தபோது ஊசியின் கார் இன்னும் பாதி வழியில் இருந்தது. அதற்கு மச்சான் கேலிகூடச் செய்யவில்லை. மூன்றாவது ரேஸ் ஆரம்பித்தது. கடைசி வளைவுக்கு முன்னால், யாரும் எதிர்பாராமல், மச்சானின் கார் சாலை நடுவில் நின்றது. மகள், "மாமா, அமுக்குங்க!" என்று கத்தினாள். மச்சான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியின் கார் பின்னாலிருந்து வந்தது. தாண்டிப் போக எல்லா இடமும் இருந்தது. திரும்பு என்று ஊசி நினைத்தான். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதி, உருண்டு, கவிழ்ந்தது.

"நான் தோக்கத்தான் பார்த்தேன் மாப்ள," என்றார் மச்சான். "என்னால முடியல."

"கன்ட்ரோலர்..."

"உங்க கன்ட்ரோலர்தான். வீட்டுதுதான். அந்தக் கடைப் பொண்ணு கொடுத்தது இல்ல."

"மச்சான், ஒரே ஒரு ரேஸ். இன்னொண்ணு."

"எத்தனை மாசமா?"

ஊசி கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எத்தனை மாசமான்னு கேட்டேன். நான் உங்க கிரேனுக்குக் கீழ நடக்கிறேன் மாப்ள. தினம் நடக்கிறேன்."

"கொஞ்ச நாள்தான்... ஆறு மாசம்."

மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். ஊசி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "மச்சான், வேண்டாம். உங்க கால்ல விழறேன். அந்தக் கிரேனை விட்டா நான் யாரு? கீழ நிக்கிறவனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு மாசம் டைம் கொடுங்க. யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." மச்சான் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு ஷிப்டு பொறுப்பாளரைக் கூப்பிட்டார். யார்டு இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டிலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"நாளைக்கு மூணாம் நம்பருக்கு வேற ஆள் போடுப்பா. ஊசி ஏற மாட்டார். மெடிக்கல் எழுதுறேன்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு வந்தது.

"அப்பாடா, இப்பவாவது சொன்னீங்களே சார். உங்க மாப்பிள்ளையாச்சே, நாங்களா எப்படி வாயத் திறக்கிறதுன்னு இருந்தோம். லாரிக்காரங்க ரெண்டு மாசமா மூணாம் நம்பர்ல பெட்டி இறங்கும்போது வண்டிக்குள்ளேயே இருக்கிறதில்ல, எறங்கித் தள்ளிப் போய் நின்னுக்கிறாங்க. கீழ நம்ம பசங்களும் ஒருத்தரும் நிக்கிறதில்ல. யார்டுல எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நினைச்சோம்."

மச்சான் போனை அணைத்து மேஜைமேல் வைத்தார். ஊசியின் முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டு மாசம். அவன் பத்து மாடி உயரத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கீழே பார்த்து, இடம் காலியாக இருக்கிறது, பயல்கள் ஒழுங்காக வேலை கற்றுக்கொண்டார்கள் என்று மெச்சிக்கொண்டிருந்தான்.

மனைவி அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஊருக்கே தெரிஞ்சதை மறைக்கவா அந்தப் பொண்ணு வயித்துல அடிச்சீங்க?"

ஊசி அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "டிவி சத்தத்தைக் குறை," என்றான்.